அண்மையும் சேய்மையும்: பேரிங் நீரிணையின் இரு விமான நிலையங்கள்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று கேட்டால், மாணவன் அளவுகோலை எடுத்து வரைபடத்தின் மீது வைக்கிறான். அத்தொலைவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், தொலைவை வேகத்தால் வகுத்து விடை கூறுகிறான். கணக்குப் பாடத்தில் இவ்விடைக்கு முழு மதிப்பெண் உண்டு. வரலாற்றுப் பாடத்திலோ இது பாதி விடைதான். எந்த ஆண்டில், எந்த ஊர்தியில், யாருடைய இசைவோடு பயணம் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை நிறைவுபெறும். இவ்வுண்மையை விளக்குவதற்கு உலகின் வடகோடியில் உள்ள இரண்டு சிறிய விமான நிலையங்கள் மிகவும் பொருத்தமானவை. ஒன்று அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் உள்ள நோம். மற்றொன்று ரஷ்யாவின் சுக்கோத்கா வட்டாரத்தில் உள்ள புரோவிதேனியா.

இரண்டு ஊர்கள்

ஆசியக் கண்டத்தின் கிழக்கு முனையும் அமெரிக்கக் கண்டத்தின் மேற்கு முனையும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் இடத்தில் பேரிங் நீரிணை அமைந்துள்ளது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் மட்டுமே. நீரிணையின் நடுவே பெரிய டயோமீட், சிறிய டயோமீட் என்னும் இரு பாறைத் தீவுகள் உள்ளன. முன்னது ரஷ்யாவுக்கும் பின்னது அமெரிக்காவுக்கும் உரியவை. அவ்விரு தீவுகளுக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அகலமுடையது. பினாங்குத் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் படகில் சென்றவர்கள் அத்தொலைவை ஓரளவு மனக்கண்ணில் கண்டுகொள்ளலாம்.

நீரிணைக்குத் தெற்கே, அமெரிக்கக் கரையில் உள்ள ஊர் நோம். 1898ஆம் ஆண்டில் அங்கே பொன் கண்டெடுக்கப்பட்டது. பொன் வேட்டைக்கு வந்த கூட்டத்தால் 1900ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது அங்கே 12,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பொன் குறையவே கூட்டமும் கலைந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 3,700 பேர். அலாஸ்காவின் பெருநகரங்களோடு நோமை இணைக்கும் சாலை கிடையாது. கோடையில் கப்பல் வரும். மற்றக் காலங்களில் விமானமே துணை.

ரஷ்யக் கரையில், மலைகள் சூழ்ந்த ஆழமான விரிகுடா ஒன்றின் ஓரத்தில் இருப்பது புரோவிதேனியா. காணாமற்போன பிராங்கிளின் குழுவினரைத் தேடப் புறப்பட்ட பிளவர் என்னும் ஆங்கிலக் கப்பல், 1848ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இவ்விரிகுடாவில் ஒதுங்கித் தங்கியது. கடும்பனியில் கிடைத்த புகலிடத்தை இறையருள் என்று கருதிய கப்பல் தலைவர் தாமஸ் மூர், அப்பொருள்படும் பெயரை விரிகுடாவுக்குச் சூட்டினார். அப்பெயரின் ரஷ்ய வடிவமே புரோவிதேனியா. இவ்வூருக்கும் மாஸ்கோவிலிருந்து சாலையோ இருப்புப்பாதையோ இல்லை.

அளவும் கணக்கும்

இவ்விரு விமான நிலையங்களின் தொலைவை வகுப்பறையிலேயே கணக்கிட்டு விடலாம். நோம் வட அகலாங்கு 64½ பாகையில் உள்ளது, புரோவிதேனியா 64.4 பாகையில் உள்ளது. ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலாங்குக் கோட்டில் அமைந்தவை எனலாம். நெட்டாங்கில் நோம் மேற்கு 165.4 பாகையிலும், புரோவிதேனியா மேற்கு 173.2 பாகையிலும் உள்ளன. வேறுபாடு 7.8 பாகை.

நிலநடுக்கோட்டில் ஒரு பாகை நெட்டாங்கு என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். வடக்கே செல்லச் செல்ல நெட்டாங்குக் கோடுகள் நெருங்கி, துருவத்தில் ஒன்றுகூடுகின்றன. 64½ பாகை வடக்கில் ஒரு பாகையின் அகலம் ஏறத்தாழ 48 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 7.8ஐ 48ஆல் பெருக்கினால் 374 கிடைக்கும். உருண்டையின் வளைவையும் கருத்திற்கொண்டு நுட்பமாகக் கணக்கிட்டாலும் 375 கிலோமீட்டர் அளவிலேயே விடை வருகிறது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இத்தொலைவின் சிறுமை விளங்கும்.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடமோ வேறு தோற்றத்தைத் தருகிறது. பெரும்பாலான வரைபடங்கள் பசிபிக் பெருங்கடலில் வெட்டப்பட்டவை. அதனால் நோம் இடக்கோடியிலும் புரோவிதேனியா வலக்கோடியிலும் போய் நின்று, உலகத்தின் இரு எல்லைகள்போலக் காட்சியளிக்கும். அதோடு, உருண்டையைத் தட்டையாக்கும்போது வடபகுதிகள் பக்கவாட்டில் இழுத்து நீட்டப்படுகின்றன. உருண்டை வடிவ மாதிரியைச் சுழற்றிப் பார்க்கும் மாணவனுக்கே அவை அண்டை ஊர்கள் என்பது புலனாகும்.

இனிப் பயண நேரத்தைப் பார்க்கலாம். மணிக்கு 280 கிலோமீட்டர் செல்லும் சிறிய இரட்டை விசிறி விமானம் ஒன்று இத்தொலைவை ஒரு மணி இருபது நிமிடத்தில் கடக்கும். தாரை விமானத்திற்கு, ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சேர்த்து முக்கால் மணி நேரமே போதும்.

ஆனால் கடிகாரம் வேறு கணக்குச் சொல்லும். இரு ஊர்களுக்கும் நடுவே அனைத்துலகத் தேதிக்கோடு செல்கிறது. குளிர்காலத்தில் நோமின் நேரம் கிரீன்விச் நேரத்திற்கு 9 மணி பின்தங்கியிருக்கும். சுக்கோத்காவின் நேரம் 12 மணி முந்தியிருக்கும். இரண்டுக்கும் 21 மணி நேர வேறுபாடு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நோமில் புறப்பட்டு ஒரு மணி நேரம் பறப்பவர், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் புரோவிதேனியாவில் இறங்குவார். செவ்வாய் காலை பத்து மணிக்கு அங்கிருந்து திரும்பினால், திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நோமில் இருப்பார். கதிரவனின் கணக்கிலோ இவ்விரு ஊர்களுக்கும் இடையே 31 நிமிட வேறுபாடுதான் உண்டு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்னும் விதிப்படி 7.8 பாகைக்கு வரும் நேரம் அது. எஞ்சிய வேறுபாடு முழுவதும் மனிதர் வகுத்துக்கொண்டது. நேரத்தில் மட்டுமன்றித் தொலைவிலும் மனிதர் செய்த வேலை எவ்வளவு என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

தோல் படகுக் காலம்

பனியூழியின்போது கடல்நீரின் பெரும்பகுதி பனிக்கட்டியாக உறைந்து நிலத்தின்மேல் தங்கியதால், கடல் மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பேரிங் நீரிணையின் ஆழம் 50 மீட்டர் அளவுதான். ஆகவே அக்காலத்தில் அங்கே கடலே இல்லை. இரு கண்டங்களையும் இணைக்கும் அகன்ற நிலப்பரப்பு இருந்தது. அமெரிக்கக் கண்டத்தின் முதற்குடிகள் ஆசியாவிலிருந்து வடக்கு வழியாகச் சென்றவர்கள் என்பது ஆய்வாளர் முடிபு.

பனி உருகி நீர் உயர்ந்த பின்னும் மக்களின் போக்குவரவு நிற்கவில்லை. பழைய பாடநூல்கள் எஸ்கிமோ என்று பொதுவாகக் குறிப்பிட்ட மக்களுள் யூப்பிக் என்போர் ஒரு பிரிவினர். அவர்கள் சுக்கோத்காக் கரையிலும், அமெரிக்காவுக்குரிய செயின்ட் லாரன்ஸ் தீவிலும் வாழ்ந்து வந்தனர். இரு புறத்தாரும் பேசியது ஒரே மொழி. மரச்சட்டத்தின்மேல் வால்ரஸ் தோலை இழுத்துப் போர்த்திய படகுகளில் அவர்கள் கடலைக் கடந்தனர். பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். கலைமான் தோலையும் வேட்டைப் பொருள்களையும் பண்டமாற்றுச் செய்துகொண்டனர். டயோமீட் தீவுகள் இரண்டிலும் வாழ்ந்த இன்யுப்பியாக் மக்களும் தமக்குள் உறவினரே. அவர்களைப் பொறுத்தவரை எதிர்க்கரை என்பது அயல்நாடன்று, மாமன் வீடு.

கோடு பிறந்த கதை

1648ஆம் ஆண்டில் செமியோன் தெஷ்னியோவ் என்னும் ரஷ்யர் ஆசியாவின் கிழக்கு முனையைக் கடல்வழியே சுற்றி வந்தார். 1728ஆம் ஆண்டில், ரஷ்யக் கடற்படையில் பணியாற்றிய டென்மார்க் நாட்டினரான விட்டுஸ் பேரிங் இந்நீரிணை வழியே வடக்கே சென்றார். மூடுபனியால் அமெரிக்கக் கரை அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. எனினும் நீரிணைக்கு அவர் பெயரே நிலைத்தது. 1741ஆம் ஆண்டில் மேற்கொண்ட அடுத்த பயணத்தில் அவர் அலாஸ்காவைக் கண்டார். அதன்பின் அலாஸ்கா ரஷ்யாவின் உடைமையாயிற்று.

1867ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசு அலாஸ்காவை 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. அவ்வுடன்படிக்கையில், டயோமீட் தீவுகள் இரண்டுக்கும் நடுவே எல்லை செல்லும் என்று எழுதப்பட்டது. அலாஸ்கா கைமாறியபோது நாட்காட்டியும் மாறியது. ரஷ்யக் கணக்கில் அக்டோபர் 6ஆம் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தது; அடுத்துவந்த நாளும் வெள்ளிக்கிழமையாகவே எண்ணப்பட்டு, அமெரிக்கக் கணக்கில் அக்டோபர் 18 ஆயிற்று. ஆயினும் தோல் படகுகளில் சென்றவர்களுக்கு இக்கோடு நெடுங்காலம் தடையாக இருக்கவில்லை. தாளில் வரையப்பட்ட கோடு தண்ணீரில் தெரியவில்லை.

நாய் வண்டியும் விமானமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோம் நகர மக்கள், எதிர்க்கரையைவிடத் தம் நாட்டு நகரங்களிலிருந்தே மிகத் தொலைவில் வாழ்ந்தனர் எனலாம். 1925ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகள் இறந்தனர். ஊரில் இருந்த ஒரே மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச் தந்தி வழியே முறிமருந்து கேட்டார். மருந்து நெனானா என்னும் ஊர்வரை இரயிலில் வந்து சேர்ந்தது. அதற்கப்பால் 1,085 கிலோமீட்டர் பனிப்பாதை. அஞ்சல் கொண்டுவரும் நாய் வண்டிகளுக்கு அப்பாதையில் வழக்கமாக மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். அலாஸ்காவில் அப்போது இருந்த சில விமானங்களோ திறந்த இருக்கை உடையவை. கடுங்குளிரில் அவற்றை நம்பி மருந்தை அனுப்ப அதிகாரிகள் துணியவில்லை. இருபது வண்டியோட்டிகள் ஒருவர் மாற்றி ஒருவராக நாய்களை ஓட்டி, ஐந்தரை நாளில் மருந்தை நோமில் சேர்த்தனர். லியொனார்டு செப்பாலா, குன்னார் காசன் ஆகியோர் பெயரும், அவர்களுடைய நாய்களான டோகோ, பால்ட்டோ ஆகியவற்றின் பெயரும் உலகறியப்பட்டன.

ஆனால் விமானக் காலம் முன்னரே தொடங்கிவிட்டது. 1924ஆம் ஆண்டு பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் என்னும் விமானி, பேர்பேங்க்சிலிருந்து மெக்கிராத் என்னும் ஊருக்கு அஞ்சல் கொண்டு சென்றார். நாய் வண்டிக்கு ஏறத்தாழ மூன்று வாரம் பிடித்த அவ்வழியை அவர் மூன்று மணி நேரத்திற்குள் கடந்தார். 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் அமுண்ட்சென், எல்ஸ்வர்த், நோபிலே ஆகியோர் நோர்ஜே என்னும் வான்கப்பலில் ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து புறப்பட்டு, வடதுருவத்தைக் கடந்து, நோமுக்கு அருகிலுள்ள டெல்லரில் இறங்கினர். 1928ஆம் ஆண்டில் ஐல்சனும் ஹியூபர்ட் வில்கின்சும் எதிர்த் திசையில், அலாஸ்காவின் பாரோ முனையிலிருந்து ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டரை 20 மணி 20 நிமிடத்தில் பறந்து கடந்தனர்.

வானில் வளர்ந்த உறவு

பேரிங் நீரிணையை விமானம் கடந்த வரலாறு துயரத்தோடும் துணிவோடும் கலந்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் நானுக் என்னும் வணிகக் கப்பல், விலையுயர்ந்த மென்மயிர்த் தோல்களோடு சைபீரியக் கரையில் பனியில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்த ஆள்களையும் தோல்களையும் கொண்டுவர ஐல்சன் டெல்லரிலிருந்து பறந்தார். நவம்பர் 9ஆம் நாள் பனிப்புயலில் அவருடைய விமானம் சைபீரியக் கரையோரம் விழுந்தது. அவரும் இயந்திரவல்லுநர் ஏர்ல் போர்லண்டும் இறந்தனர். அமெரிக்க விமானிகளும் சோவியத் விமானிகளும் சேர்ந்தே அவர்களைத் தேடினர். கண்டெடுத்த உடல்களை அலாஸ்காவுக்குக் கொண்டுசென்றபோது சோவியத் விமானி மவ்ரிக்கி ஸ்லெப்னியோவ் உடன்சென்றார். அப்போது அமெரிக்கா சோவியத் அரசை ஏற்றுக்கொள்ளவில்லை. இரு நாடுகளுக்கும் தூதரக உறவு 1933ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. தலைநகரங்கள் பேசிக்கொள்ளாத காலத்தில் வடகோடியில் இருந்தவர்கள் ஒருவர் துயரத்தில் மற்றவர் பங்குகொண்டனர்.

1933ஆம் ஆண்டில் உலகைச் சுற்றப் புறப்பட்ட அமெரிக்க விமானி ஜிம்மி மாட்டெர்ன் சுக்கோத்காவில் விழுந்து தவித்தபோது, சோவியத் விமானி லெவனேவ்ஸ்கி அவரை நோமில் கொண்டுவந்து சேர்த்தார். மறு ஆண்டில் கைம்மாறு நிகழ்ந்தது. 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் செல்யூஸ்கின் என்னும் சோவியத் கப்பல் சுக்சிக் கடலில் பனியால் நசுக்கப்பட்டு மூழ்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 104 பேர் பனிப்பாளத்தின்மேல் ஒதுங்கினர். அவர்களைக் காக்க லெவனேவ்ஸ்கியும் ஸ்லெப்னியோவும் அமெரிக்காவுக்கு வந்து இரண்டு விமானங்களை வாங்கி, நோமிலிருந்து நீரிணையைக் கடந்து சென்றனர். இரண்டு அமெரிக்க இயந்திரவல்லுநர்களும் அவர்களுடன் பறந்தனர். குழுவின் தலைவர் ஓட்டோ ஷ்மித் நுரையீரல் அழற்சியால் நலிந்திருந்தார்; ஸ்லெப்னியோவ் அவரை நோம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். சோவியத்து அறிஞர் ஒருவருக்கு அவ்வேளையில் அண்மையில் இருந்த நல்ல மருத்துவமனை அமெரிக்காவில் இருந்தது என்பது கருதத்தக்கது. ஏப்ரல் 13ஆம் நாளுக்குள் பனிப்பாளத்தில் இருந்த அனைவரும் மீட்கப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போரில் இவ்வழி பெருவழியாயிற்று. ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட சோவியத் ஒன்றியத்திற்கு அமெரிக்கா விமானங்களை அனுப்பியது. 1942 முதல் 1945 வரை ஏறத்தாழ 8,000 விமானங்கள் பேர்பேங்க்ஸ் நகரில் கைமாறின. இறக்கைகளில் செந்நட்சத்திரம் தாங்கிய அவற்றைச் சோவியத் விமானிகள் நோமுக்கும், அங்கிருந்து நீரிணையைக் கடந்து சுக்கோத்காவின் உவெல்கலுக்கும், பின்னர் யாக்குட்ஸ்க் வழியாகக் கிராஸ்னோயார்ஸ்க் நகருக்கும் ஓட்டிச் சென்றனர். போர் நடந்த அவ்வாண்டுகளில் நோமின் வானத்தைப்போலப் பரபரப்பான வடதிசை வானம் வேறு இல்லை எனலாம்.

பனித்திரை

போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் நட்பு பகையாயிற்று. நீரிணையின் பழங்குடிகள் கடவுச்சீட்டின்றி ஒருவரையொருவர் பார்த்துவர 1938ஆம் ஆண்டில் செய்துகொள்ளப்பட்ட ஏற்பாடு 1948ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எல்லை மூடப்பட்டது. பெரிய டயோமீட் தீவில் வாழ்ந்த மக்கள் பெருநிலத்திற்கு அகற்றப்பட்டனர். தீவில் எல்லைக் காவலர் மட்டும் இருந்தனர். 1958ஆம் ஆண்டில் நீரிணையை நோக்கியிருந்த நௌக்கான் என்னும் பழைய யூப்பிக் ஊரும் கலைக்கப்பட்டது. அங்கிருந்தோர் பல ஊர்களில் சிதறிக் குடியேறினர். ஐரோப்பாவின் பிரிவினையை இரும்புத்திரை என்று கூறிய உலகம், இதற்குப் பனித்திரை என்று பெயரிட்டது.

இத்திரை மலைகளையும் கடலையும் அசைக்கவில்லை. நோமுக்கும் புரோவிதேனியாவுக்கும் இடையே 375 கிலோமீட்டர் அப்படியே இருந்தது. ஆனால் பயண வழி என்னவாயிற்று? நேர்வழி இல்லாதபோது நாட்டின் உள்வழியாகச் சுற்ற வேண்டும். நோமிலிருந்து ஏங்கரேஜ் 865 கிலோமீட்டர். அங்கிருந்து சியாட்டல் 2,330. சியாட்டலிலிருந்து மாஸ்கோ ஏறத்தாழ 8,390. மாஸ்கோவிலிருந்து சுக்கோத்காவின் தலைநகரான அனாதிர் 6,200. அங்கிருந்து புரோவிதேனியா 430. எல்லாவற்றையும் நேர்க்கோட்டிலேயே அளந்தாலும் மொத்தம் 18,200 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இது நேர்வழியைப்போல் 48 மடங்கு. பூமியின் சுற்றளவில் ஏறத்தாழப் பாதி. வேகமான விமானத்திலும் பறக்கும் நேரம் மட்டுமே இருபத்துமூன்று மணிக்குக் குறையாது. இதுவும் இசைவுச்சீட்டு கிடைத்தவர்க்கே பொருந்தும் கணக்கு. தோல் படகில் சென்று மாமனைக் கண்டு வந்த வேட்டைக்காரருக்கு அது கிடைக்கும் வழியே இல்லை. தந்தையர் இறந்த செய்திகூட எதிர்க்கரைக்கு எட்டாமல் ஒரு தலைமுறை கழிந்தது.

திரைக்குள்ளும் மனிதப் பண்பு மறையவில்லை. 1955ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், நீரிணையின்மேல் பறந்த அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானங்கள் சுட்டன. தீப்பற்றிய விமானம் செயின்ட் லாரன்ஸ் தீவில் தரையிறங்கியது. அதில் இருந்த பதினொருவரையும் கேம்பல் என்னும் சிற்றூரின் யூப்பிக் மக்கள் காத்துப் பேணினர். பின்னர்ச் சோவியத் அரசு இழப்பில் பாதியைத் தர ஒப்பியது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நிகழ்ந்ததோ பெருங்கொடுமை. ஏங்கரேஜிலிருந்து சோல் நகருக்குச் சென்ற கொரியப் பயணிகள் விமானம் வழிவிலகிச் சோவியத் வானில் நுழைந்தபோது சகாலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். வடதிசை வானில் வழி தவறுதல் என்பது உயிரைப் பறிக்கும் பிழையாக இருந்த காலம் அது.

திரை விலகியது

1987ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் லின் காக்ஸ் என்னும் அமெரிக்க நீச்சல் வீராங்கனை, சிறிய டயோமீட்டிலிருந்து பெரிய டயோமீட்டுக்கு நீந்திச் சென்றார். உறைநிலைக்குச் சற்றே மேற்பட்ட குளிர்நீரில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் நீந்தினார். சோவியத் அரசின் இசைவைப் பெற அவர் பல ஆண்டுகள் முயன்றிருந்தார். நீந்தியது இரண்டு மணி. இசைவுக்குக் காத்திருந்ததோ பல ஆண்டு. அவ்வாண்டு டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த விருந்தில் சோவியத் தலைவர் கோர்பச்சோவ், இரு நாடுகளும் எவ்வளவு அண்மையில் உள்ளன என்பதை அப்பெண் காட்டிவிட்டதாகப் பாராட்டிப் பேசினார்.

நோம் நகர மக்களும் வாளாவிருக்கவில்லை. எதிர்க்கரைக்கு நல்வாழ்த்துச் செய்திகளைப் பலூன்களில் கட்டிப் பறக்கவிட்டனர், கடிதங்கள் எழுதினர், இரு அரசுகளையும் இடைவிடாது வேண்டினர். அதன் பயனாக 1988ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அலாஸ்கா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று நோமிலிருந்து எழுந்து புரோவிதேனியாவில் இறங்கியது. நட்புறவுப் பயணம் என்று பெயர் பெற்ற அவ்விமானத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் சென்றனர். அலாஸ்காவின் ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அதில் இருந்தனர். எனினும் அப்பயணத்தின் உயிராக இருந்தோர் செயின்ட் லாரன்ஸ் தீவிலிருந்து வந்த யூப்பிக் முதியோரே. நாற்பது ஆண்டுகளாகக் காணாத உற்றாரை அவர்கள் கண்டனர். இரு கரையிலும் பிறந்த இளையோருக்கு ஆங்கிலமும் ரஷ்யமும் ஒன்றுக்கொன்று விளங்காத நிலையில், முதியோரின் தாய்மொழியே இடையில் நின்று பேசியது. பள்ளிகளும் அரசுகளும் வேறு மொழிகளைப் புகட்டிய நாற்பது ஆண்டுகளிலும் தாய்மொழியைக் கைவிடாதவர்களே அன்று பாலமாக அமைந்தனர்.

அப்பயணத்திற்கு ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. அன்றே சென்று அன்றே திரும்பினர். 1989ஆம் ஆண்டு செப்டம்பரில், நீரிணைப் பகுதி மக்கள் நுழைவிசைவின்றி ஒருவரையொருவர் பார்த்துவர இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. நோமிலிருந்து சிறிய விமானங்கள் புரோவிதேனியாவுக்குச் சென்று வரலாயின.

மீண்டும் நீண்ட தொலைவு

ஆயினும் திறந்த வழி தானாகவே நிலைத்துவிடுவதில்லை. 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் சுக்கோத்காவில் வேலையும் பொருளும் அருகின. 1989ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1,64,000 ஆக இருந்த அவ்வட்டாரத்தின் மக்கள்தொகை, 2002ஆம் ஆண்டில் 54,000க்கும் கீழே இறங்கியது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1991ஆம் ஆண்டில் மகதான், கபரோவ்ஸ்க் நகரங்களுக்குத் தொடங்கிய விமானச் சேவை, ரஷ்யாவின் நாணய நெருக்கடியை ஒட்டி 1998ஆம் ஆண்டில் முடிவுற்றது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்ததைத் தொடர்ந்து, மார்ச் மாதத்தில் அமெரிக்கா தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. முக்கால் மணிப் பயணம் மறுபடியும் உலகைச் சுற்றும் பயணமாயிற்று.

வரலாறு கற்பிக்கும் பாடம்

இவ்விரு ஊர்களின் வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். தொலைவு என்பது ஒன்றல்ல, மூன்று. நிலம் தரும் தொலைவு முதலாவது. அது 375 கிலோமீட்டர்; எந்த அரசாலும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. கருவி தரும் தொலைவு இரண்டாவது. தோல் படகு, நாய் வண்டி, விசிறி விமானம், தாரை விமானம் என்று அறிவு வளர வளர அது சுருங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது, மனிதர் ஒருவர்க்கொருவர் தரும் இசைவால் அமையும் தொலைவு. அது கூடவும் குறையவும் கூடியது. 1934ஆம் ஆண்டில் சில மணி நேரமாக இருந்தது. தாரை விமானங்கள் உலகெங்கும் பறந்த 1970ஆம் ஆண்டில் கடக்க இயலாததாக இருந்தது. கருவி முன்னேறிய காலத்திலேயே வழி பின்னடைந்தது என்பது அறிவியல் வளர்ச்சி ஒன்றே மக்களை நெருங்கச் செய்துவிடும் என்று நம்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

ஆகவே புவியியல் ஆசிரியர் இரண்டு ஊர்களின் தொலைவைக் கேட்கும்போது, வரலாற்று ஆசிரியரும் அருகில் நின்று ஆண்டைக் கேட்பது நன்று. நோமுக்கும் புரோவிதேனியாவுக்கும் எவ்வளவு நேரம் என்னும் வினாவுக்கு, 1925இல் ஒரு விடை, 1943இல் ஒரு விடை, 1960இல் ஒரு விடை, 1988இல் ஒரு விடை, 2022இல் மற்றொரு விடை. ஐந்தையும் எழுதிக் காரணமும் கூறும் மாணவனே அவ்வினாவுக்கு முழு விடை எழுதியவன் ஆவான்.